வளவுக்குள் வளரும் செடிகளுக்கு மண் கலவை: புதுவயல் உமியும் பழைய ஓட்டுத் துண்டும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள எந்த நர்சரியில் கேட்டாலும் தொட்டிக்குச் சொல்லும் கலவை பெரும்பாலும் ஒன்றுதான்: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. கொல்லையில் வெயிலில் நிற்கும் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் இது நன்றாகவே ஒத்துவருகிறது. அதே கலவையில் மான்ஸ்டெராவையோ ஆந்தூரியத்தையோ நட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால், கோடையைத் தாண்டிவிடும் செடிகூட ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை மஞ்சளித்து, தண்டு அடியில் குழைந்து சரிந்துவிடும். பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவுக்குள் இருக்கும் செடிகள் அனைத்தையும் மாற்றி நடுவதென்று முடிவுசெய்தபோது, கலவையைச் செடியின் பெயரைப் பார்த்துத் தீர்மானிக்காமல், தொட்டி வைக்கும் இடத்தின் வெளிச்சத்தையும் தண்ணீர் ஊற்றும் கையையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டேன். செலவு அதிகம் பிடிக்கும் வெளிநாட்டுச் சரக்கு எதுவும் இல்லாமல், சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதைக் கொண்டே செய்ய முடிந்த அந்த வேலையின் பதிவு இது.

முதலில் இடம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டினால் வளவு. அதன் நடுவே வானம் பார்த்த முற்றம். அதற்கப்பால் இரண்டாம் கட்டு. கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த மச்சும் சேர்ந்து வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. ஆனால் வெளிச்சம் என்பது முற்றத்து வழியாக இறங்குவதுதான். முற்றத்துத் தூணையொட்டி வைத்த தொட்டிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் சிறு பங்குகூட, பத்தடி உள்ளே தள்ளிப் பட்டாலை என்னும் உள்கூடத்தில் வைத்த தொட்டிக்குக் கிடைப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் உறிஞ்சுவதும் குறையும். முற்றத்து ஓரத்தில் நான்கு நாளில் காயும் தொட்டி உள்ளே பத்து நாளானாலும் ஈரமாகவே இருக்கும். ஒரே வீட்டில், ஒரே செடிக்கு, இரண்டு கலவை தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

தண்ணீர் அதிகமானால் வேர் அழுகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் வேரைக் கொல்வது தண்ணீர் அன்று, காற்று இல்லாமைதான். மணி பிளான்ட் கொடியை வெறும் தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தாலும் வேர் விட்டு வளர்வதைப் பார்த்திருப்போம். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்து நின்றுவிட்டால், ஆக்சிஜன் அதனூடே பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைந்துவிடுகிறது. வேர் மூச்சுத் திணறிப் பலவீனமான பிறகுதான் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க் கிருமிகள் நுழைகின்றன. நாம் வீட்டுக்குள் வளர்க்கும் வெப்பமண்டலச் செடிகளில் பெரும்பகுதி சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வாய்க்கால் சேற்றில் நிற்கும் நம் ஊர்ச் சேம்பைப் பார்த்து, இவற்றுக்கும் ஈரம் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளைச் சேர்ந்த மான்ஸ்டெரா, மரத்தைப் பற்றி ஏறும் கொடி. கொலம்பியா, எக்வடோர் காடுகளிலிருந்து வந்த ஆந்தூரியம் இலைச்சருகிலும் மரப்பட்டையிலும் வேரோட்டுவது. அவற்றின் தடித்த வேர்கள் மழையில் நனைந்து, உடனே வடிந்து, காற்றுப் படும் வாழ்வுக்குப் பழகியவை.

இதற்குத் தீர்வாகத் தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லையோ ஜல்லியையோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்புவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். அது உதவாது என்பதை ஒரு பஞ்சை வைத்தே பார்த்துவிடலாம். பாத்திரம் தேய்க்கும் தட்டைப் பஞ்சு ஒன்றை முழுதும் நனைத்து, உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வைத்துச் சொட்டுவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பிழியாமல் அதையே நெட்டுக்குத்தாக நிறுத்தினால், மீண்டும் தண்ணீர் சொட்டும். பஞ்சு அதேதான், துளைகளும் அவைதான். உயரம் கூடியதால் அதிகத் தண்ணீர் வடிகிறது. மண் கலவையும் இப்படியே தன் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வடியாத ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் ஜல்லி பரப்பினால் அந்த ஈரப் பகுதி ஜல்லிக்கு மேலே ஏறிக்கொள்ளுமே தவிர மறையாது. வேர் இருக்கும் இடம்தான் சுருங்கும். ஓட்டை வழியாக மண் வெளியேறாமல் இருக்க ஒரே ஒரு சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். கலவை முழுவதையும் பருமனாக்குவதும், கூடுமானவரை ஆழமான தொட்டியைத் தேர்ந்தெடுப்பதும்தான் வழி.

ஒரு கலவையில் வடிந்த பிறகு எவ்வளவு காற்றிடம் மிஞ்சுகிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியின் ஓட்டைகளை அடியில் டேப் போட்டு அடைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு கிழித்து, அந்தக் கோடு வரை எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டேன். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, லேசாக ஈரப்படுத்திய கலவையைக் கோடு வரை நிரப்பி, தொட்டியை இரண்டு தட்டுத் தட்டி அமரவைத்து, மேலே தண்ணீர் பளபளவென்று தெரியும்வரை மெதுவாக ஊற்றி, கலவை நன்றாகக் குடிப்பதற்காகச் சில மணி நேரம் விட்டு, மட்டம் இறங்கியிருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். கடைசியாகத் தொட்டியை ஒரு பேசினுக்கு மேல் தூக்கிப் பிடித்து டேப்பை உரித்தால், வடிந்து விழும் தண்ணீரின் அளவே கலவையில் காற்று புகுந்த இடத்தின் அளவு. அதை முதலில் குறித்த கொள்ளளவால் வகுத்தால் நூற்றுக்கு எவ்வளவு என்பது வந்துவிடும். சோதிக்கும் எல்லாக் கலவைக்கும் ஒரே தொட்டியைப் பயன்படுத்த வேண்டும் என்பது முக்கியம். உயரம் மாறினால், பஞ்சில் பார்த்தபடி, விடையும் மாறிவிடும்.

நர்சரிக் கலவையில் வடிந்தது கொள்ளளவில் நூற்றுக்கு ஐந்தை ஒட்டியே இருந்தது. கழுவிய தென்னைநார்த் தூள் தனியாக பன்னிரண்டு கொடுத்தது. அதனுடன் மூன்றில் ஒரு பங்கு உமி சேர்த்தபோது இருபதை நெருங்கியது. மட்டைத் துண்டு, ஓட்டுத் துண்டு, கரி என்று பருமனான பொருள்களே மிகுந்த கலவை முப்பதைத் தாண்டியது. சாதாரண வீட்டுச் செடிகளுக்குப் பதினைந்துக்கு மேலும், தொற்றி வளரும் செடிகளுக்கு இருபத்தைந்துக்கு மேலும் இருந்தால் நலம் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இந்த ஓர் எண் கையில் இருந்தால், யார் எந்தக் கலவையை எந்தப் பெயர் சொல்லி விற்றாலும் அதை நாமே எடைபோட்டுவிடலாம்.

இனி பொருள்கள். தென்னைநார்த் தூளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்திலேயே சிங்கம்புணரிப் பக்கம் கயிற்றுத் தொழில் இருக்கிறது. அமுக்கிய ஐந்து கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் அறுபது லிட்டருக்கு மேல் பொங்கும். கழுவாத தூளில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் நிறைய இருக்கும். இதைக் கவனிக்காமல் நட்டால் கலாத்தியா போன்றவற்றின் இலை நுனி கருகும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்ட, குடிநீர்ச் சுத்திகரிப்பான் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். முதல் ஊறலைப் பிழிந்த தண்ணீர் காபி நிறத்தில் இருந்தது. மீட்டரில் 1,500-க்கு மேல் காட்டியது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே 800-ஐ ஒட்டி இருப்பதால், எத்தனை முறை அதில் அலசினாலும் அதற்குக் கீழே இறங்காது. ஆகவே முதல் அலசல்களுக்குக் கிணற்றுத் தண்ணீரையும், கடைசி அலசலுக்கு முற்றத்துத் தூம்பிலிருந்து அண்டாவில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரையும் பயன்படுத்தினேன். நடுவில் ஓர் இரவு கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால், தூள் பிடித்து வைத்திருக்கும் சோடியத்தை கால்சியம் இடம்பெயர்த்து வெளியேற்றிவிடும். வெறும் தண்ணீரில் அலசும்போது இது முழுமையாக நடப்பதில்லை.

உமியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். பெர்லைட் என்னும் வெண்ணிறப் பொருள், எரிமலைக் கண்ணாடிக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கிப் பொரியவைத்தது. அது நல்ல பொருள்தான். எனினும் விலை அதிகம், தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வந்துவிடும், கையாளும்போது கிளம்பும் தூசு மூக்குக்கு ஆகாது. அதன் வேலையைக் காலணாச் செலவில் செய்ய, பக்கத்துப் புதுவயலின் அரிசி ஆலைகளில் உமி குவிந்துகிடக்கிறது. ஆனால் எந்த ஆலை உமி என்று கேட்டு வாங்க வேண்டும். பச்சரிசிக்கு அரைத்த உமியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முழு நெல் கலந்திருந்து, ஆந்தூரியத்துக்கு நடுவே நாற்றங்கால் முளைக்கும். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைத்துவிடுவதால், அந்த உமியில் தப்பிக் கிடக்கும் நெல்லும் முளைக்காது. உமியில் சிலிக்கா மிகுதி என்பதால் அது எளிதில் மக்காமல், இரண்டு ஆண்டு வரை கலவையின் இடைவெளியைக் காத்து நிற்கிறது.

பாதி உமியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியைக் கரியாக்கினேன். பழைய எண்ணெய்த் தகரம் ஒன்றின் பக்கங்களில் ஆணியால் ஓட்டைகள் போட்டு, உள்ளே சுள்ளி வைத்து நெருப்பு மூட்டி, தகரத்தைச் சுற்றி உமியைக் கூம்பாகக் குவித்துவிட்டால், உள்ளிருந்து வெளியே மெதுவாகக் கருகிக்கொண்டு வரும். மேல்பரப்பில் கரும்புள்ளிகள் தோன்றியதும் மண்வெட்டியால் புரட்டி, முழுவதும் கறுத்த உடனே தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் வெளுத்த சாம்பலாகிவிடும், அந்தச் சாம்பல் காரத்தன்மை மிகுந்தது, துளைகளையும் அடைத்துவிடும். ஆலைகளின் கொதிகலனிலிருந்து வரும் சாம்பலையும் இதே காரணத்தால் ஒதுக்கிவிட்டேன். ஒரு தலைமுறைக்கு முன்பு பல் துலக்கிய அதே உமிக்கரிதான் இது. கையில் அள்ளினால் எடையே தெரியாது. ஒவ்வொரு உமியும் தன் படகு வடிவத்தை இழக்காமல் கறுத்திருக்கும். இதற்கும் ஓரளவு காரத்தன்மை உண்டு என்பதால், கழுவிய பிறகே சேர்ப்பதும், கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

பாரம் கொடுப்பதற்கும், நீண்ட நாள் மக்காமல் இருப்பதற்கும் சுட்ட மண் துண்டு வேண்டும். இங்கே ஓட்டைப் பிரித்து வேலை பார்க்காத தெரு ஏது? உடைந்த நாட்டு ஓடும் செங்கல்லும் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, முதலில் கட்டட வேலைக்கான பெரிய சல்லடையிலும் பிறகு சமையலறைச் சல்லடையிலும் சலித்து, பட்டாணிக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். இதில் கவனிக்க வேண்டியது ஒட்டியிருக்கும் காரை. பழைய வீட்டு இடிபாட்டில் சுண்ணாம்பு இல்லாத துண்டு அரிது; சுண்ணாம்பு கலந்துவிட்டால் கலவையின் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாமல், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளுத்துப்போகும். துண்டுகளைத் தட்டில் பரப்பி வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். சுத்தமான ஓடு வினிகரைச் சத்தமில்லாமல் குடித்துவிடும். காரை படிந்த துண்டு சுர்ரென்று நுரைக்கும். நுரைத்தவை கொல்லைப் பாதைக்குப் போயின. சலித்ததில் மிஞ்சிய செம்பொடியைக் கலவையில் சேர்க்கவே கூடாது. வடிகாலைக் கெடுப்பது அதுதான். எம்-சாண்டும் அப்படியே, அதிலுள்ள மாவுத் தூளை அலசி நீக்காமல் பயன்படுத்தினால் சிமெண்டு போலவே இறுகிவிடும்.

கரி நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கமெல்லாம் சீமைக்கருவேலை மூட்டம் போட்டுச் சுடுகிறார்கள். கரி தண்ணீரைச் சுத்திகரிக்கும், விஷத்தை உறிஞ்சும் என்றெல்லாம் செடிப் பிரியர்களிடையே பேச்சு இருக்கிறது. தொட்டியில் அதன் முதன்மையான பயன், மக்காமலும் நசுங்காமலும் காற்றிடத்தைக் காப்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. உரலில் போட்டு நொறுக்கி, தூளை அலசிவிட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். மரப்பட்டைக்கு மாற்றாகத் தேங்காய் மட்டையைக் கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். ஊறாத மட்டையிலிருந்து கசியும் செஞ்சாயம் ஆத்தங்குடித் தரைக் கல்லில் பட்டால் கறை எளிதில் போகாது. எவ்வளவு ஊறவைத்திருந்தாலும் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் வளவுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கலக்கும் விகிதம் எல்லாம் அளவில், எடையில் அன்று. ஒரே படியால் அளந்தேன். மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி ஆகியவற்றுக்குத் தென்னைநார்த் தூள் நான்கு, உமி இரண்டு, ஓட்டுத் துண்டு இரண்டு, மண்புழு உரம் ஒன்று. மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், ஆந்தூரியத்துக்கு மட்டைத் துண்டு மூன்று, ஓட்டுத் துண்டு இரண்டு, கரி இரண்டு, தென்னைநார்த் தூள் இரண்டு, மண்புழு உரம் ஒன்று. பாம்புச் செடியும் இசட் இசட் செடியும் ஆப்பிரிக்காவின் வறட்சியைத் தாங்கப் பழகியவை. கிழங்கிலும் தடித்த இலையிலும் தண்ணீரைச் சேமிப்பவை. அவற்றுக்கு ஓட்டுத் துண்டு பாதி, மீதியில் அலசிய பருமணலும் கரியும் தென்னைநார்த் தூளும் சமமாக. இந்த ஒரு கலவையில் மட்டும் ஒரு கை செம்மண்ணைச் சேர்த்தேன், உயரமான இலைகள் சாயாமல் நிற்கப் பாரம் வேண்டும் என்பதற்காக. கலாத்தியாவும் பெரணியும் காட்டின் தரையில் நிழலில் வளர்பவை, காய்வதைப் பொறுக்காதவை. ஆகவே தூள் ஐந்து, உமிக்கரி ஒன்று, கரித்துண்டு ஒன்று, மண்புழு உரம் ஒன்று என்று ஈரம் காக்கும் பக்கமாகவே வைத்தேன்.

இவை முற்றத்து ஓரத்துக்கான அளவுகள். பட்டாலைக்குள் வைக்கும் தொட்டிகளில் தூளை ஒரு பங்கு குறைத்து ஓட்டுத் துண்டை ஒரு பங்கு கூட்டினேன். மண்புழு உரத்தை எட்டில் ஒன்றுக்கு மேல் போகவிடவில்லை. உரம் என்று அள்ளிப் போட்டால் அது நைந்து துளைகளை அடைப்பதோடு, ஈரமான மேல்மண்ணில் கொசு போன்ற சிறு கரு ஈக்களையும் வரவழைக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்த ஈக்கள் இருந்தால் கலவை காயவில்லை என்றே பொருள்.

மாற்றி நடும்போது அதிக நேரம் எடுத்தது கலவை செய்வதன்று, பழைய மண்ணை நீக்குவது. வெளியூர்ப் பண்ணைகளிலிருந்து வரும் செடிகள் பலவும் ஒட்டும் களிமண் உருண்டையோடு வருகின்றன. லாரிப் பயணத்தில் வேர் குலையாமல் இருக்க அது உதவும். அந்த உருண்டையை அப்படியே புதிய கலவைக்குள் இறக்கினால், ஊற்றும் தண்ணீர் பருமனான கலவை வழியாக ஓடிவிட, களிமண் ஒரு முறை காய்ந்தால் நனைவதில்லை, நனைந்தால் காய்வதில்லை. உருண்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, விரலால் அடியிலிருந்து மேலாகப் பிசைந்து கரைத்தேன். வேரின் நிலை அப்போதுதான் தெரியும். நல்ல ஆந்தூரிய வேர் வெண்மையாக, தடிப்பாக, நகத்தால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும். அழுகியதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால், பழுப்புத் தோல் உறைபோல் கழன்று கையோடு வந்துவிட, நடுவிலுள்ள நரம்பு மட்டும் நூலாகத் தொங்கும். வாடையும் சேற்று வாடையாக இருக்கும். அவற்றைக் கத்தரித்துவிட்டு, வெட்டுவாய் ஆற ஒரு பொழுது நிழலில் வைத்திருந்து நட்டேன். வேர் குறைந்த செடிகளுக்குப் பழையதைவிடச் சிறிய தொட்டியே தேவை. பெரிய தொட்டியில் வேர் எட்டாத கலவை ஈரமாகவே தேங்கி நிற்கும்.

தொட்டியும் கலவையில் ஒரு பாதி. மானாமதுரைச் சுட்ட மண் தொட்டி பக்கங்கள் வழியாகவும் ஈரத்தை விடும் என்பதால் அதில் தூள் கூடுதலாக இருக்கலாம். பிளாஸ்டிக்கிலும் பளபளப்பு ஏற்றிய பீங்கானிலும் வழி அடி ஓட்டை மட்டுமே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வாங்கிய ஊறுகாய் ஜாடிகளிலும் செம்பு, பித்தளை அண்டாக்களிலும் நேரே மண் போட்டு நடுவது இப்போது வீடுகளிலும் விடுதிகளிலும் பரவலாகிவருகிறது. ஓட்டை இல்லாத ஜாடியில் எந்தக் கலவையும் பயன் தராது. செம்பிலிருந்து கரையும் தாமிரம் வேருக்கு நஞ்சு. ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை ஜாடிக்குள் ஒரு செங்கல் துண்டின் மேல் இறக்கிவைத்தால், பார்வைக்கும் குறைவிருக்காது, தேங்கிய தண்ணீரையும் அவ்வப்போது கவிழ்த்துவிடலாம்.

தண்ணீர் ஊற்றுவது நான் மட்டுமல்ல. வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் பெரும்பாலான நாள்களில் ஊற்றுகிறார். பருமனான கலவையின் மேல்பகுதி சீக்கிரம் வெளிறிவிடும் என்பதால், "மேலெல்லாம் காஞ்சு கெடக்கு ஆச்சி, பாத்துக்கிட்டு ஊத்தாம எப்படி இருக்குறது?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஒவ்வொரு தொட்டியிலும் தென்னை ஈர்க்குச்சி ஒன்றை அடி வரை செருகி வைத்துவிட்டோம். உருவிப் பார்த்தால் கீழ்ப்பாதி கறுத்து, தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்ற வேண்டாம். வெளுப்பாக, சுத்தமாக வந்தால் அடியில் வடியும்வரை ஊற்றலாம். அவருக்கு இப்போது என்னைவிட நன்றாகக் கணக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் காவல்காரர் வாரம் ஒரு முறை வந்து ஊற்றுவதாக இருந்தால் இதே கலவை தாங்காது. அங்கே தூளை இரண்டு பங்கு கூட்டுவதும், செடியாகப் பாம்புச் செடியைத் தேர்ந்தெடுப்பதுமே சரி.

வடகிழக்குப் பருவமழைதான் இந்தக் கலவைகளுக்கு உண்மையான சோதனையாக இருந்தது. முற்றத்தில் நாளெல்லாம் சாரல் விழ, காற்றில் ஈரம் ஏறி, வெளிச்சமும் மங்கிய நாள்களில், பழைய கலவையிலேயே ஒப்பீட்டுக்காக விட்டுவைத்த மணி பிளான்ட் தொட்டியில் ஈர்க்குச்சி வாரக்கணக்கில் கறுத்தே வந்தது. புதிய கலவையில் அது சில நாள்களில் வெளுத்தது. மான்ஸ்டெரா மழைக்காலத்திலேயே புது இலை விரித்தது. அக்கினி நட்சத்திரத்தில் இதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆந்தூரியத் தொட்டிகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் கேட்டன. மழைக்காலத்துக்கு ஏற்ற கலவையைச் செய்துகொண்டு கோடையில் கூடுதலாக ஊற்றுவதே எனக்கு எளிதாகத் தோன்றுகிறது.

கலாத்தியா மட்டும் ஒத்துழைக்கவில்லை. வேர் நன்றாக இருந்தும் இலை ஓரம் கருகிக்கொண்டே வந்தது. கலவையின் மேல் படிந்த வெள்ளைப் பொருக்கைப் பார்த்த பிறகு அதற்கு ஊற்றும் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தி, அண்டாவிலுள்ள மழைத் தண்ணீரை மட்டும் கொடுக்கிறோம். பழைய இலைகள் அப்படியே இருக்க, புதிதாக வந்தவை ஓரம் கருகாமல் விரிகின்றன. மற்றத் தொட்டிகளையும் மாதம் ஒரு முறை அடியில் தாராளமாக வடியும்படி ஊற்றி உப்பை அலசிவிடுகிறோம். தூளிலும் உமியிலும் கரியிலும் செடிக்கான சத்து அதிகமில்லை என்பதால், புது இலை வரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, லிட்டருக்கு ஒரு கிராம் என்று, தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரத்தைக் கொடுக்கிறேன். இது செம்மண் தொட்டிக்குத் தேவைப்படாத வேலை.

இன்னொன்று, கரையான். நம் செம்மண் தரையில் மட்டைத் துண்டு கலந்த தொட்டியை நேரே வைத்தால், அடி ஓட்டை வழியாகப் புற்றுமண் ஏறிவிடும். கொல்லையில் காற்றாட வைக்கும் தொட்டிகளை இரும்பு முக்காலியின் மேல்தான் வைக்க வேண்டும். வளவுக்குள் கல் பாவிய தரையில் இந்தத் தொல்லை இல்லை.

தூளும் மட்டையும் இரண்டு ஆண்டில் நைந்து அமுங்கத் தொடங்கும். தொட்டியில் கலவையின் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தால் அதுவே அடையாளம். அப்போது முழுவதையும் கொட்டிச் சலித்தால் ஓட்டுத் துண்டும் கரியும் அப்படியே திரும்பக் கிடைக்கும். அலசி, மொட்டைமாடி வெயிலில் சித்திரை மாதம் முழுக்கக் காயப்போட்டு மறுபடி பயன்படுத்தலாம். சல்லடையில் இறங்கிய கறுத்த தூளைக் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அடியில் பரப்பிவிடுகிறோம்.